மலை வண்டிக்கு என்ன விலை

2023 டிசம்பர், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மழை விட்டு, தேயிலைக் காட்டின் மேல் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. விற்கலாம் என்று கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த செடான் காரை, அதாவது டிக்கி தனியாக நீண்டிருக்கும் காரைப் பார்க்க ஒரு புரோக்கர் தம்பி வந்திருந்தார். வந்ததும் பானெட்டைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் முன்கதவைத் திறந்து, ஓரத்து ரப்பரைக் கொஞ்சம் உருவி, அதனடியில் தகரத்தில் இருக்கும் வெல்டிங் புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டே போனார். அடிபட்டுப் பட்டறையில் நிமிர்த்திய வண்டி என்றால் அந்தப் புள்ளிகள் கம்பெனியில் வைத்த மாதிரி வரிசையாக இருக்காதாம். அடுத்து டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழிக்குள் கையை விட்டு ஈரம் பார்த்தார். பின்சீட்டு பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மூக்கருகே கொண்டுபோனார். பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று பார்க்கிறாராம். அதெல்லாம் முடிந்த அப்புறம்தான் சாவி கேட்டார்.

டானிங்டன் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். வீட்டுக்கு முன்னால் இருக்கும் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கிளட்சை மெல்ல விட்டுப் பார்த்தார். இறங்கி வந்து, "ரெண்டே முக்கால் போகும்க்கா. அதுக்கு மேல இங்க கேக்க மாட்டாங்க" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. 2017 ஆகஸ்டில் அந்தக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் கொடுத்தது 10,25,000 ரூபாய். ஓடியது 58,000 கிலோமீட்டர்தான். எங்கும் இடித்ததில்லை. ஒரு சர்வீஸ் கூடத் தவறியதில்லை.

நான் தேயிலை ஆலையில் கணக்கு எழுதுகிறவள். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஆலை எங்களுடையது. ஒவ்வொரு மார்ச் முடிவிலும் ஆலையின் இயந்திரங்களுக்கும் வண்டிகளுக்கும் தேய்மானம், அதாவது பழசாகப் பழசாகக் குறையும் மதிப்பைப் போட்டுப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. இருபது வருடமாக அந்தச் சொல்லை எழுதி வருகிறேன். நகைக்கடையில் சேதாரம் எத்தனை சதவீதம் என்று இரண்டு முறை கேட்டுப் பேரம் பேசுகிற நாம், அதைவிடப் பல மடங்கு பணம் போட்டு வாங்கும் காருக்குத் தேய்மானம் எவ்வளவு என்று வாங்கும் அன்றைக்குக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். குறிப்பாக, நீலகிரியில் இருந்துகொண்டு கார் வாங்க நினைக்கிறவர்களுக்கு.

அன்று இரவு மூன்று கணக்குப் போட்டேன்.

முதலாவது, ஆலைக் கணக்கு. வருமான வரிச் சட்டப்படி தொழிலுக்குப் பயன்படும் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம். வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் 30. ஒவ்வொரு வருடமும் மிச்சம் இருக்கும் மதிப்பின் மேல்தான் இந்தச் சதவீதம். சொந்தக் காருக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது, ஒரு அளவுகோலுக்காகத்தான் போட்டுப் பார்த்தேன். என் காரின் ஷோரூம் விலை 8,90,000. ஆறு வருடம் 15 சதவீதம் கழித்துக்கொண்டே வந்தால் 3,35,663 நின்றது.

இரண்டாவது, இன்சூரன்ஸ் கணக்கு. பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருப்பார்களே, வண்டி முழுதாகப் போனாலோ திருடு போனாலோ கிடைக்கும் தொகை, அதற்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது. ஷோரூம் விலையில் முதல் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழியும். ஒரு வருடத்துக்குள் 15. இரண்டு வருடத்துக்குள் 20. அப்புறம் வருடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி, ஐந்தாம் வருடம் 50. அதற்கு மேல் போனால் கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. எனக்கு அந்த வருடம் 4 லட்சம் போட்டிருந்தார்கள்.

மூன்றாவது, புரோக்கர் தம்பி சொன்ன 2,75,000.

ஒரே வண்டி, ஒரே நாள். வண்டியை விற்கப் போகிறவர்கள் இன்சூரன்ஸ் தொகையைப் பார்த்து மனதில் ஒரு விலை வைத்துக்கொள்கிறார்கள், அது தவறு. அந்தப் படிக்கட்டு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். இன்னோவாவும் அதே படியில்தான் இறங்கும், யாரும் கேட்காத காரும் அதே படியில்தான் இறங்கும். அதை வைத்துக்கொண்டு எது விலை நிற்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, நான் கொடுத்த 10,25,000க்கும் ஷோரூம் விலையான 8,90,000க்கும் நடுவே 1,35,000 இருக்கிறதே, அது கார் வாசலுக்கு வந்த அன்றே போன பணம். ஆயுள் வரி, இன்சூரன்ஸ், பதிவுச் செலவு, சீட் கவர், மேட். பழைய வண்டி வாங்குகிறவர் இதில் ஒரு ரூபாய் கூட நமக்குத் திருப்பித் தர மாட்டார். அன்றைக்குத் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்குள் இருக்கும் காருக்கு ஆயுள் வரி 10 சதவீதம். 2023 நவம்பரில் அதை உயர்த்தினார்கள். இப்போது 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். பெரிய கார் வாங்குகிறவர் ஐந்தில் ஒரு பங்கை வரியாகவே கொடுத்துவிடுகிறார். முதல் ஓனருக்கு அதில் நஷ்டம்தான்.

சரி, புரோக்கர் தம்பி ஏன் அவ்வளவு குறைத்தார்? மறுநாள் பாயிடம் போய்க் கேட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அவர். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வண்டி அவர் கையில்தான் இருந்தது, இந்தக் கார் ஒன்றைத் தவிர. இதைக் கோயம்புத்தூருக்குத்தான் கொண்டு போவோம்.

"வண்டி நல்ல வண்டிதாம்மா. ஆனா இந்த வண்டிக்கு இங்க கை கிடையாது" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே விளக்கினார். கோத்தகிரியில் எட்டுப் பத்துப் பட்டறை இருக்கும். ஒரு வண்டி ராத்திரி எட்டு மணிக்கு அரவேனு பக்கம் நின்றுவிட்டால், அந்த வண்டியில் கை வைக்கத் தெரிந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? அதற்கான சாமான் இங்கே கிடைக்குமா, மேட்டுப்பாளையத்தில் கிடைக்குமா, கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்ல வேண்டுமா? மலையில் பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் அதைத்தான் நினைத்துப் பார்க்கிறார். கை பழகின வண்டிக்கு விலை நிற்கிறது. கை இல்லாத வண்டி எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் விலை நிற்பதில்லை.

அதன் பிறகு நான் பார்த்த எல்லா வண்டிக்கும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் பொருந்தி வருகிறது.

ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மகிந்திரா 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைப் பூட்டி விற்க ஆரம்பித்ததிலிருந்து, எம்.எம். 540, கமாண்டர், மேஜர், பொலேரோ என்று அடுத்தடுத்து வந்த வண்டிகளில் நீலகிரியின் பட்டறைகள் கை பழகிவிட்டன. எஸ்டேட் வண்டி, வனத்துறை வண்டி, ஹட்டி என்கிற மலைக் கிராமங்களுக்குப் போகும் வண்டி எல்லாமே அவைதான். பழைய கமாண்டரில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. டீசல் வந்து சேர்ந்தால் ஓடும். ஒரு சாமான் புதிதாகக் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடி எடுக்கலாம், அதுவும் இல்லாவிட்டால் லேத்தில் கடைந்துகொள்ளலாம்.

எங்கள் அப்பாவிடம் ஒரு கமாண்டர் இருந்தது. அப்பா ஆலையில் இலை வண்டி ஓட்டியவர். 1998இல் ஒரு எஸ்டேட்டிலிருந்து கழித்துவிட்ட கமாண்டரை 1,35,000 ரூபாய்க்கு வாங்கினார். அவர் போன பிறகு, 2021இல் அதை கீழ் கோத்தகிரிப் பக்கம் இருக்கும் ஒரு விவசாயிக்கு 2,40,000 ரூபாய்க்குக் கொடுத்தோம். வாங்கிய விலையை விடக் கூடுதல். இந்தக் கதையை நான் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் இதையும் சொல்ல வேண்டும். 1998இல் ஒரு பவுன் மூவாயிரம் சொச்சம். அப்பா கொடுத்த பணத்துக்கு நாற்பது பவுனுக்கு மேல் வந்திருக்கும். 2021இல் எங்களுக்கு வந்த பணத்துக்கு ஏழு பவுன் கூட வராது. ஆக, ஜீப்பும் தேய்ந்துதான் இருக்கிறது. ரூபாய் அதைவிட வேகமாகத் தேய்ந்ததால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. எந்த வண்டியும் தங்கம் மாதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருபத்து மூன்று வருடம் அந்த ஜீப் இலை மூட்டை சுமந்தது, கேரட் சுமந்தது, பிரசவ வலியில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. அவ்வளவு வேலைக்குப் பிறகும் அதன் மேல் ஒருவர் இரண்டரை லட்சம் வைக்கத் தயாராக இருந்தார் என்பதே பெரிது.

அவர் அந்த விலையைக் கொடுத்ததற்கு இன்னொரு காரணம் அப்பாவின் கோடு போட்ட நோட்டு. எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் கிளட்ச் பிளேட் மாற்றினார், எப்போது கிரவுன் பினியன் பார்த்தார், யார் பார்த்தார், எவ்வளவு கொடுத்தார் என்று எல்லாமே எழுதி வைத்திருந்தார். வாங்க வந்தவர் ஜீப்பை அரை மணி நேரம் பார்த்தார், நோட்டை ஒரு மணி நேரம் பார்த்தார். பேரமே பேசவில்லை. என் காருக்கு ஷோரூம் பில் எல்லாம் பைல் போட்டு வைத்திருந்தும், அதைப் பார்க்கவே புரோக்கர் தம்பி கேட்கவில்லை. ஜீப்பின் நோட்டில் இருந்த மெக்கானிக்குகளை வாங்க வந்தவருக்குத் தெரியும். என் பைலில் இருந்த சீல் எங்கோ சமவெளியில் இருக்கும் சர்வீஸ் சென்டருடையது.

ஜீப்புக்கு அடுத்து மாருதி. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மலை ஏறுமா இந்தச் சின்ன டப்பா என்று அன்றைக்குப் பெரியவர்கள் கேட்டார்களாம். ஏறியது. எடை குறைவு என்பதால் ஏறியது. 2014இல் அதை நிறுத்திய பிறகும் கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் இன்றும் 800 ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பின் ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், அப்புறம் ஆம்னி, ஈக்கோ. ஆம்னி 2019இல் நின்றது. காய்கறி ஏற்றவும் ஆள் ஏற்றவும் ஒரே வண்டியாக வைத்திருந்தவர்கள் நல்ல ஆம்னி கிடைத்தால் இன்றும் விடுவதில்லை. 1985இல் வந்த ஜிப்ஸியின் கதை தனி. எடை குறைவு, நாலு சக்கரமும் இழுக்கும், உற்பத்தி நின்றுவிட்டது. நல்ல நிலையில் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்றால் பேச்சு பரவும் முன்பே கை மாறிவிடுகிறது.

ஸ்விஃப்ட் டீசல் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட்டும் டிசையரும் எர்டிகாவும் இங்கே கேட்டு வாங்கப்படுகின்றன. டர்போ இருப்பதால் மலையில் மூச்சு வாங்காது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் சாதாரணப் பெட்ரோல் இன்ஜினின் பலத்தில் ஏறத்தாழ பத்து சதவீதம் குறையும், காற்று மெலிந்துவிடுவதால். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். டர்போ வண்டி காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் அந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாது. என் செடான் ஆள் ஏற்றிக்கொண்டு கூக்கல்தொரைப் பக்கம் ஏற்றத்தில் முக்கியபோது எனக்கு இது தெரியாது. வண்டியில் ஏதோ கோளாறு என்று இரண்டு முறை சர்வீஸ் சென்டரில் விட்டேன்.

இன்னோவா எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2005இல் வந்தது, 2016இல் கிரிஸ்டா ஆனது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய டாக்ஸி கூட விலை போகிறது. ஊட்டியில் சீசனுக்கு ஓட்டுகிறவர்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால் கை உண்டு, சாமான் உண்டு. ஆனால் மீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஓடியதைக் குறைத்துக் காட்டுவது இந்த வண்டிகளில்தான் அதிகம் நடக்கிறது என்று பாய் சொல்கிறார். கிளட்ச் பெடலின் ரப்பர், ஸ்டீரிங் தோல், டிரைவர் சீட்டின் வலது ஓரம், இந்த மூன்றும் மீட்டரோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள்.

கம்பெனியே நாட்டை விட்டுப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். செவர்லே 2017 முடிவோடு விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரிலேயே ஆலை வைத்திருந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அறிவிப்பு வந்ததும் அந்த வண்டிகளின் மறுவிற்பனை விலை இறங்கியது. வண்டியில் எதுவும் மாறவில்லை. நேற்று எப்படி ஓடியதோ இன்றும் அப்படித்தான் ஓடியது. நாளைக்குச் சாமான் கிடைக்குமா என்ற பயம் ஒன்றுக்கே விலை இறங்கியது. ஆனால் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே இறக்கம் ஒரு வரம். எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியை ஒருவர் 2022இல் அப்படி ஒரு டீசல் வண்டியைக் குறைந்த விலைக்கு எடுத்து, இன்றும் நெடுகுளாவிலிருந்து தினமும் ஓட்டுகிறார். திரும்ப விற்கும் எண்ணம் இல்லாதவருக்கு ரீசேல் விலை எதற்கு?

இப்போது என் காருக்கு வருகிறேன். புரோக்கர் தம்பியின் விலைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. கோயம்புத்தூரில் இரண்டு மூன்று இடத்தில் காட்டலாம் என்று என் கணவரும் நானும் இறங்கினோம்.

மலை வண்டி என்றால் சமவெளியில் ஒரு பயம் இருக்கிறது. நம்பர் பிளேட்டில் நீலகிரிப் பதிவான டி.என். 43 என்று பார்த்ததுமே அங்கே ஆயிரம் கேள்வி. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரம் இறங்குகிறோம். இரண்டாவது கியரில் இறங்கு என்று வழியெல்லாம் போர்டு வைத்திருந்தாலும், நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டியின் பிரேக் டிஸ்க் சீக்கிரம் கோணிவிடும். ஏறும்போது அரைக் கிளட்சில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கிளட்ச் பிளேட் சமவெளியில் ஓடும் தூரத்தில் பாதி கூட வராது. வளைவுகளில் டயரின் ஓரம் தேயும். மூட்டமும் மழையும் வண்டியின் அடித்தகரத்தை அரிக்கும். காலையில் குழந்தையைப் பள்ளியில் விட ஒரு கிலோமீட்டர், கடைக்கு இரண்டு கிலோமீட்டர் என்று சூடேறாத இன்ஜினையே ஓட்டிக்கொண்டிருப்போம், பேட்டரி நிறையாது. இதில் எதுவும் மீட்டரில் தெரியாது. மலையில் ஓடிய 58,000, கீழே ஓடிய 58,000 அல்ல. வாங்குகிறவர் யோசிப்பது சரிதான்.

ஆனால் என்னை அவர்கள் பிடித்தது இதில் எதிலும் இல்லை. ஏசியில் பிடித்தார்கள்.

கோத்தகிரியில் ஏசி எதற்கு? ஆறு வருடத்தில் நாங்கள் ஏசி போட்டது மேட்டுப்பாளையத்துக்குக் கீழே போன நாட்களில் மட்டும்தான். மாதக் கணக்கில் ஓடாமல் இருந்தால் கம்ப்ரசரில் இருக்கும் ரப்பர் சீல்கள் எண்ணெய் படாமல் காய்ந்து, கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. கோயம்புத்தூர்க்காரர் வண்டியில் ஏறியதும் முதலில் ஏசியைத்தான் போட்டார். வெறும் காற்று வந்தது. 3,60,000 என்று ஆரம்பித்தவர் ஏசிக்கு 20,000 கழித்து 3,40,000 என்றார். கொடுத்துவிட்டேன்.

ஆலைக் கணக்குப்படி நான் போட்டு வைத்திருந்த 3,35,663க்கு அது கிட்டத்தட்ட வந்துவிட்டது. சமவெளிச் சந்தைக்கு 15 சதவீதக் கணக்கு மோசமில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. அதே காருக்கு மலையில் 65,000 குறைவு. செடான் உயரம் குறைந்த வண்டி. மழையில் அரித்த ஹட்டிச் சாலைகளில் அடி தட்டும், கொண்டை ஊசி வளைவில் நீண்ட டிக்கி இடைஞ்சல். இங்கே அதை விரும்புகிறவர்கள் குறைவு, கீழே அதிகம். ஆகவே செடான் வைத்திருப்பவர்கள் கோயம்புத்தூரில் விற்பதுதான் நல்லது. ஜீப், பொலேரோ, தார், வேகன் ஆர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கீழே கொண்டு போகாதீர்கள், இங்கேயே சொல்லி வையுங்கள். கீழே மலை வண்டி என்று குறைக்கிறவர்களுக்கு எதிராக, இங்கே டி.என். 43 வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த நம்பருக்கு இப்போது முன்பை விட மதிப்பு கூடிவிட்டது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில், அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளில், வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. உள்ளூர்ப் பதிவு வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் கட்டாயம் ஆனது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். டி.என். 43 வண்டிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. குஞ்சப்பனை செக்போஸ்டில் சீசன் நேரத்தில் வரிசையில் நின்று பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும். டெல்லியில் பத்து வருட டீசல் வண்டிகளுக்கு வந்த தடையால் அங்கிருந்து குறைந்த விலையில் வண்டிகள் தெற்கே வந்தன. விலையைப் பார்த்து வாங்கிவிட்டு, என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று, ஆயுள் வரி, புது நம்பர் என்று அலைந்து, கடைசியில் இங்கேயே ஒரு வண்டி எடுத்திருக்கலாம் என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

காரைக் கொடுத்துவிட்டு வந்த இரவு இன்னொரு கணக்கும் போட்டேன், அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. 10,25,000 கொடுத்து 3,40,000 வாங்கியிருக்கிறேன். போனது 6,85,000. எழுபத்தாறு மாதத்துக்கு, மாதம் 9,000 ரூபாய். 58,000 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டருக்கு 11 ரூபாய் 80 காசு. மலையில் எனக்கு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் பெட்ரோல் செலவு கிலோமீட்டருக்கு 8 ரூபாய் சொச்சம்தான். பெட்ரோல் விலை ஏறினால் வீட்டில் எல்லோரும் பேசுவோம். பெட்ரோலை விட அதிகமாக ஒரு செலவு ஆறு வருடமாக வாசலில் நின்றுகொண்டே ஓடியிருக்கிறது. வண்டி எடுத்த அன்றே யாராவது எனக்கு இதைப் போட்டுக் காட்டியிருக்கக் கூடாதா என்று இருந்தது. குறைவாக ஓடுகிறவர்கள் புதுக் கார் எடுக்கும் முன் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

2024 ஜனவரியில் ஒரு வேகன் ஆர் எடுத்தேன். 2014 மாடல், டி.என். 43, ஒரே ஓனர், குன்னூரில் ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியர். 2,85,000 ரூபாய். எடுப்பதற்கு முன் பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கம்மா, இது நம்ம வண்டி" என்றார். இப்போது அதே புரோக்கர் தம்பி என்னை எங்கே பார்த்தாலும் வண்டி கொடுக்கிறீர்களா அக்கா என்று கேட்கிறார். 2025 ஆகஸ்டில் 2,65,000 வரை போகும் என்றார். அக்டோபரில் 2,50,000 என்றார். நடுவில் என் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக் கார் விலை இறங்கியதும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பழைய கார் விலையும் இறங்கியது. நம் கையில் இல்லாத தேய்மானமும் உண்டு.

பழைய ஜீப் வாங்க நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் என்றாலும், தகுதிச் சான்றான எஃப்.சி.க்குத் தயார் செய்யும் டிங்கரிங், பெயிண்ட், டயர் எல்லாம் சேர்ந்தால் ஒரு நல்ல தொகை. எங்கள் கமாண்டரை இன்றைக்கு விற்றால் அந்த 2,40,000 வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

புது டீசல் வண்டிகள் பற்றி எனக்குக் கொஞ்சம் கவலை உண்டு. பி.எஸ். 6 டீசலில் சைலன்சர் வழியில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரி எரிந்து போக வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் நன்றாகச் சூடாக ஓட வேண்டும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் மலை வண்டிக்கு அந்தச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. விளக்கு எரிகிறது என்று பாயிடம் வருகிறவர்களை அவர் மேட்டுப்பாளையம் தாண்டி அவிநாசி ரோடு வரை போய் வரச் சொல்கிறார். பத்து வருடம் கழித்து இந்த வண்டிகள் இரண்டாவது, மூன்றாவது கைக்கு வரும்போது பழைய ஸ்விஃப்ட் டீசல் மாதிரி விலை நிற்காது என்பது என் கணிப்பு. மின்சாரக் கார் இங்கே ஓட்டுவதற்கு அருமை. இறக்கத்தில் பெரும்பாலும் பிரேக்கைத் தொடாமலே இறங்குகிறது, இறங்கும்போது பேட்டரிக்குச் சார்ஜும் ஏறுகிறது. பெரும்பாலான கம்பெனிகள் பேட்டரிக்கு எட்டு வருடம் வாரண்டி தருகிறார்கள். எட்டாம் வருடத்துக்குப் பிறகு அதற்குக் கை வைக்க கோத்தகிரியில் யார் இருப்பார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதன் விலை இருக்கும். பாயின் மகன் கோயம்புத்தூரில் அந்த வேலை கற்றுக்கொள்ளப் போயிருக்கிறான். இங்கே திரும்பி வந்து பட்டறை போட்டான் என்றால் நானே ஒன்று வாங்குவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேகன் ஆரை வெளியே எடுத்து, பத்து நிமிடம் ஏசியைப் போட்டு இன்ஜினை ஓட விடுகிறேன். போன வாரம் மூட்டம் ஐந்தடிக்கு அந்தப்புறம் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பால் வாங்கப் போனவர், கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "இந்தக் குளிர்ல ஏசியா கண்ணு?" என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, கம்ப்ரசர் சீல் பற்றிச் சொன்னேன். அவர் வீட்டில் ஒரு செடான் நிற்கிறது. மறுநாள் சாயங்காலம் அதன் சத்தமும் கேட்டது.